நானூற்று எண்பது நாள்கள்

நுழையும்முன்

வேலை கிடைத்துவிட்டால் துன்பம் தீரும் என்பது வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்லும் ஆறுதல். வேலை கிடைத்த பின்னும் தீராத துன்பங்கள் உண்டு. குறைந்த ஊதியம், நாளை இருக்குமோ இருக்காதோ என்னும் பணி, குறையைச் சொல்ல ஆளில்லாத நிலை, மீண்டும் மீண்டும் வேலை தேடும் அலைச்சல் ஆகியன அவை. தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த சென்னைத் தென்புறநகரிலும் உழைத்து வாழும் மக்களின் நிலையை ஒரு சட்டத்தின் வழியே இவ்வுரைப்பகுதி ஆராய்கிறது.

இரவெல்லாம் ஓடிவந்த தொடர்வண்டி தாம்பரத்தில் நிற்கிறது. நாகர்கோவிலிலிருந்து வரும் அந்தியோதயா வண்டி அது. முன்பதிவில்லாத பெட்டிகளை மட்டுமே கொண்டது. நின்றும் நெருக்கியும் வந்தவர்கள் நடைமேடையில் இறங்கிச் சோம்பல் முறிக்கின்றனர். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புவோர் அவர்களுள் பாதி. வேலை தேடி வருவோர் மீதி. புதிதாக வந்தவரை எளிதில் அடையாளம் காணலாம். அவருடைய தோளில் ஒரு பை. பைக்குள் சான்றிதழ்களின் படிகளும் வீட்டில் கட்டிக் கொடுத்த புளிச்சோறும். கைப்பேசியில் ஊர்க்காரர் ஒருவரின் எண்.

சென்னைக்கு வேலை தேடிச் செல்வது என்றால் முன்பு எழும்பூரிலோ கோயம்பேட்டிலோ இறங்குவது வழக்கம். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென்மாவட்டங்களிலிருந்து பேருந்தில் வருவோரும் தென்புறநகரிலேயே இறங்கிவிடுகின்றனர். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என நீளும் ஜி.எஸ்.டி. சாலையோரத் தெருக்களில் ஓர் அறையை நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்கின்றனர். பொழுது புலர்வதற்கு முன்பே நிறுவனப் பேருந்துகள் சாலையோரம் நின்று ஆள் ஏற்றத் தொடங்கிவிடுகின்றன.

இப்பகுதியில் வேலைக்குப் பஞ்சமில்லை என்பர். அது ஓரளவு உண்மையே. மின்கம்பங்களிலும் மேம்பாலத் தூண்களிலும் ‘ஆட்கள் தேவை’ என்னும் தாள்கள் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். வந்த மறுநாளே வேலைக்குச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் கிடைத்த வேலை நிலைத்த பணியாக மாறுகிறதா என்பதே இங்கு உழைப்போர் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

ஊர் வளர்ந்த வழி

சென்னையின் தென்புறநகர் தொழிலால் வளர்ந்த பகுதி. குரோம்பேட்டை என்னும் பெயரே ஒரு தொழிற்சாலையிலிருந்து பிறந்தது. 1912-இல் பல்லாவரத்தை ஒட்டித் தொடங்கப்பட்ட குரோம் தோல் நிறுவனத்தைச் சுற்றி எழுந்த குடியிருப்பு, நாளடைவில் குரோம்பேட்டை ஆயிற்று. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. ஊருக்கு வெளியே குறைந்த வாடகையில் குடியிருந்து நகருக்குள் சென்று உழைத்துத் திரும்பும் வாழ்க்கை அந்தத் தண்டவாளத்தின் மீதே வேரூன்றியது.

1958-இல் கிண்டியில் தொழிற்பேட்டை அமைந்தது. 1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதிக்கென ஒரு தனி மண்டலம் நிறுவப்பட்டது. ‘மெப்ஸ்’ என்று மக்கள் சுருக்கி அழைக்கும் இம்மண்டலம் 2003 முதல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக இயங்கி வருகிறது. ஆயத்த ஆடை, மின்னணுப் பொருள், மென்பொருள் எனப் பலவகை நிறுவனங்கள் இதன் மதிலுக்குள் உள்ளன. மாலையில் இதன் வாயில் வழியே வெளிவரும் கூட்டத்தில் பெண்களை மிகுதியாகக் காணலாம். 1990களில் மறைமலைநகருக்குக் கார்த் தொழிற்சாலை வந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும், பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் மென்பொருள் அலுவலகங்கள் எழுந்தன.

மறைமலைநகரைப் பற்றி ஒரு செய்தியை இங்குக் குறிப்பிட வேண்டும். தனித்தமிழ் இயக்கத்தின் தலைவரான மறைமலை அடிகள் பல்லாவரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, 1950-இல் மறைந்தவர். அவர் பெயர் தாங்கிய ஊரில் இன்று காதில் விழும் சொற்கள் ஷிப்ட், ஓ.டி., காண்ட்ராக்ட், டிரெய்னி, கேட் பாஸ் என்பன. அடிகள் கேட்டிருந்தால் வருந்தியிருப்பார். ஆனால் இச்சொற்கள் ஒவ்வொன்றும் அங்கு உழைப்பவரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் சொல் என்பதால், அவற்றின் பொருளை அறிந்துகொள்வதே முதல் தேவையாகிறது.

ஒரு சட்டமும் அதன் கணக்கும்

1981-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டத்தை இயற்றியது. ‘தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குதல்) சட்டம்’ என்பது அதன் பெயர். பெயர்தான் நீளமே தவிர, அதன் கருத்து மிக எளியது. ஒரு தொழில் நிறுவனத்தில் 24 நாட்காட்டி மாதங்களுக்குள் 480 நாள்கள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்கிறது அது. நோய்க்காக எடுத்த முறையான விடுப்பு, விபத்து, சட்டத்துக்கு உட்பட்ட வேலைநிறுத்தம், முதலாளி செய்த கதவடைப்பு போன்றவற்றால் ஏற்படும் இடைவெளி, தொடர்ச்சியை முறிக்காது. கட்டடம், சாலை, பாலம் முதலிய கட்டுமானப் பணிகளில் ஈடுபடுவோர் இச்சட்டத்தின் வரம்புக்குள் வரமாட்டார்கள்.

480 நாள்கள் என்பது பெரிய எண் போலத் தோன்றலாம். 24 மாதங்களால் வகுத்தால் மாதத்துக்கு 20 நாள்கள்தாம். வார விடுமுறையும் பண்டிகை நாளும் போக, ஒழுங்காக வேலைக்கு வருபவர் இரண்டு ஆண்டு முடிவதற்கு முன்பே இவ்வெண்ணைத் தொட்டுவிடுவார். அவ்வாறு தொட்டவர் அன்று முதல் நிரந்தரத் தொழிலாளி. நினைத்தபோது ‘நாளை முதல் வர வேண்டா’ என்று அவரிடம் சொல்லிவிட முடியாது.

இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும், நான்காண்டு, ஐந்தாண்டு உழைத்தும் நிரந்தரமாகாதவர்கள் தென்புறநகரின் தொழிற்சாலைகளைச் சுற்றி ஏராளமாக இருப்பது எவ்வாறு? விடை சட்டத்தில் இல்லை. நாள்கள் யார் கணக்கில் எழுதப்படுகின்றன என்பதில் உள்ளது.

முதல் வழி ஒப்பந்தம். தொழிற்சாலை தனக்கு வேண்டிய ஆள்களைத் தானே அமர்த்தாமல் ஓர் ஒப்பந்ததாரரிடம் கேட்கிறது. ஒப்பந்ததாரர் ஆள்களை அனுப்புகிறார். உழைப்பு தொழிற்சாலைக்கு, ஏடு ஒப்பந்ததாரருக்கு. ஒப்பந்தம் முடிந்து வேறொருவர் வந்தால், பழைய தொழிலாளி புதியவரின் ஏட்டில் புதிய ஆளாகப் பதியப்படுகிறார். அவர் நிற்கும் இடமும் மாறவில்லை. இயக்கும் இயந்திரமும் மாறவில்லை. உணவுக்கூடத்தில் உட்காரும் மேசைகூட மாறவில்லை. நாள் மட்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

இரண்டாம் வழி பயிற்சி. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளி அல்லர். அவருக்கு ஊதியம் இல்லை, உதவித்தொகை உண்டு. ஐ.டி.ஐ. அல்லது பட்டயப் படிப்பு முடித்தவருக்குத் தொழிலைக் கற்றுத்தரும் நல்ல ஏற்பாடு இது. இச்சட்டத்தால் தொழில் கற்று முன்னேறியோர் பலர். ஆனால் கற்க வேண்டியதை மூன்று மாதத்தில் கற்றுவிட்ட ஒருவரை, உற்பத்தி வரிசையில் மற்றவரோடு ஒருவராக நிறுத்தி, ‘பயிற்சியாளர்’ என்ற பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும்போது, அச்சொல் தன் பொருளை இழந்துவிடுகிறது.

மூன்றாவது வழி இடைவெளி. இரண்டு ஆண்டு நிறைவதற்குள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டு, சில மாதம் கழித்து மீண்டும் அழைப்பது.

நிறுவனங்களின் தரப்பையும் கேட்க வேண்டும். ஏற்றுமதித் தொழிலில் வெளிநாட்டுத் தேவை கூடும்போது ஆள் வேண்டும். குறையும்போது அதே ஆளுக்கு வேலை இராது என்பர். அது பொய்யன்று. திருவிழாக் காலத்துத் தேவைக்காகக் கூடுதல் ஆள் அமர்த்துவதை யாரும் குறை கூறார். ஆனால் ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடும் இயந்திரத்தின் முன் நிற்பவரைத் தற்காலிகத் தொழிலாளி என்று அழைப்பதற்கு இவ்விளக்கம் பொருந்தவில்லை.

தெரிந்து தெளிவோம்

ஒப்பந்தத் தொழிலாளர்களை அமர்த்துவதை ஒழுங்குபடுத்தவும், உரிய இடங்களில் அம்முறையை ஒழிக்கவும் 1970-இல் நடுவணரசு ஒரு சட்டம் இயற்றியது. அம்முறை ஒழிக்கப்பட்ட இடத்தில் பணியாற்றிவந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் தொழிலாளர்கள் ஆகிவிடுவர் என்று உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2001-இல் அக்கருத்தை ஏற்க மறுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடுவணரசின் 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புச் சட்டங்களாக நடைமுறைக்கு வந்துள்ளன. 480 நாள்கள் பற்றிய சட்டம் மாநிலச் சட்டம் ஆதலால், அது இந்த 29-இல் அடங்காது.

சீட்டில் ஓர் ஊதியம், கையில் ஓர் ஊதியம்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாத முடிவில் ஒரு திகைப்பு காத்திருக்கிறது. ‘மாதம் 17,000 ரூபாய்’ என்று கேட்டுச் சேர்ந்தவருக்கு வங்கிக் கணக்கில் 13,500 ரூபாய்க்கும் குறைவாகவே வந்திருக்கும். ஏமாற்றிவிட்டனர் என்று எண்ணி அவர் கோபம் கொள்வார். சில இடங்களில் அக்கோபம் நியாயமானது. பல இடங்களில் அது கணக்கு தெரியாமையால் வருவது.

கணக்குக்காக ஒருவரின் மொத்த ஊதியம் 15,000 ரூபாய் எனவும், அதில் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய் எனவும் கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்காக 12,000 ரூபாயில் நூற்றுக்கு 12 வீதம் 1,440 ரூபாய் பிடிக்கப்படும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்காக, அதாவது இ.எஸ்.ஐ.க்காக, 15,000 ரூபாயில் நூற்றுக்கு 0.75 வீதம் ஏறத்தாழ 113 ரூபாய் பிடிக்கப்படும். கையில் வருவது 13,447 ரூபாய். முதலாளியும் தம் பங்காக வைப்பு நிதிக்கு 1,440 ரூபாயும், இ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு 3.25 வீதம் ஏறத்தாழ 488 ரூபாயும் செலுத்துவார். இவற்றையும் ஊதியத்தோடு கூட்டி, ‘உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு’ என்று ஒரு தொகையைச் சொல்வது இன்றைய வழக்கம். விளம்பரத்தில் இருப்பது அந்தத் தொகை. விடுதி வாடகை, உணவு, பேருந்து ஆகியவற்றுக்கும் பிடித்தம் இருக்குமாயின் மிஞ்சுவது இன்னும் குறையும்.

வைப்பு நிதியில் பிடித்த பணம் வீணாவதில்லை. அது உழைத்தவரின் சேமிப்பு. 2014 முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாழ்நாள் முழுவதும் மாறாத ஓர் எண் வழங்கப்படுகிறது. எத்தனை ஒப்பந்ததாரர் மாறினாலும் அந்த எண்ணின் கீழ்த் தொகை சேர வேண்டும். பிடித்த தொகை உண்மையாகவே செலுத்தப்பட்டதா என்பதைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பாராமல் விட்டவர்கள், ஆண்டுகள் கழித்துத் தேவை வரும்போது அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அலைகின்றனர்.

குறைந்தபட்சக் கூலி என்பது வேறொரு கதை. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளியில் கூலியைத் திருத்தி அமைக்க வேண்டும் என்றது. ஆனால் தமிழ்நாட்டின் தையல் தொழிலில் 2004-க்குப் பின் 2014-இல்தான் புதிய கூலி அறிவிக்கப்பட்டது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அரசின் அறிவிக்கை செல்லும் என்றது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அரிசி விலையும் அறை வாடகையும் யார் தீர்ப்புக்கும் காத்திருக்கவில்லை. தையல் இயந்திரத்தின் முன் பதினெட்டு வயதில் அமர்ந்த பெண், அக்கூலி உயர்வு வந்தபோது முப்பது வயதை எட்டியிருப்பாள்.

ஒரு நாற்காலிக்காக

ஊதியத்தைவிடச் சிறியவையாகத் தோன்றும் சில குறைகள் உள்ளன. உண்மையில் அவை சிறியவை அல்ல. தியாகராய நகரிலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் உள்ள பெரிய துணிக்கடைகளில், வாடிக்கையாளர் அமர்ந்து புடவை பார்ப்பார். எடுத்துக் காட்டுபவர் நின்றுகொண்டிருப்பார். காலையில் நிற்கத் தொடங்கியவர் இரவு கடை அடைக்கும் வரை நிற்பார். கால் வீக்கமும் நரம்புச் சுருளும் அத்தொழிலோடு கூடப் பிறந்தவை போலவே கருதப்பட்டன. 2010-இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படம் இவ்வாழ்க்கையைத் தமிழ் மக்களுக்குக் காட்டியது. கேரளம் 2018-இல் கடைப் பணியாளர்க்கு உட்காரும் உரிமையை அளித்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு கடையிலும் பணியாளர்க்கு இருக்கை வசதி செய்ய வேண்டும் என்று விதித்தது. நாற்காலி போட ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நூறாண்டுக்கு முன்னும் இத்தகைய ஒரு சிறிய குறையிலிருந்தே பெரிய மாற்றம் தொடங்கியது. சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்கு நண்பகல் உணவுக்கு விடப்பட்ட நேரம் போதவில்லை. கையைக் கழுவி, வரிசையில் நின்று, உண்டு முடிப்பதற்குள் சங்கு ஒலித்துவிடும். செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் இக்குறையைப் பி.பி. வாடியாவிடம் எடுத்துச் சென்றனர். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் அது. தமிழ்த்தென்றல் திரு.வி.க. அதற்காக ஊர் ஊராகவும் மேடை மேடையாகவும் உழைத்தார். ஆலை நிருவாகம் சங்கத்தின் தலைவர்கள் மீது வழக்குத் தொடுத்து, நீதிமன்றத் தடையாணை பெற்றது. சங்கம் அமைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்னும் குரல் அதன்பின் வலுத்தது. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் அக்குரலின் பயன்.

உழைக்கும் நேரத்துக்கான போராட்டமும் ஓய்ந்துவிடவில்லை. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே நாள் விழாவைக் கொண்டாடினார். அதற்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21-இல், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே, அதே ஆண்டு மே நாளில் அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

தேடுவதே தொழிலாக

வேலையில் இருப்பவரின் துன்பம் ஒருவகை என்றால், தேடுபவரின் துன்பம் வேறுவகை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வருவோர் பல இலட்சம். பதிவு செய்து ஐந்தாண்டாகியும் வேலை கிடைக்காத ஏழை இளைஞர்க்கு அரசு உதவித்தொகை வழங்குகிறது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அதுவும் மூன்றாண்டுக்கு மட்டும். தாம்பரத்திலிருந்து ஒரு நேர்காணலுக்குச் சென்று திரும்பும் செலவை எண்ணினால், அத்தொகை எத்தனை நேர்காணலுக்குப் போதும் என்பது விளங்கும்.

அரசுப் பணிக்கான தேர்வில் தெரிவது அச்சத்தின் அளவு. 2024 ஜூனில் நடந்த தொகுதி நான்கு தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஓர் இடத்துக்கு 300 பேருக்கு மேல். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்றிருந்த அத்தேர்வைப் பொறியியல் படித்தவரும் முதுகலை படித்தவரும் எழுதினர். இதனை இளைஞர்களின் ஆசை என்று சொல்வோர் உண்டு. தனியார் பணியில் நாள்கள் கணக்கில் ஏறாமல் போவதை அண்ணனிடமும் அக்காளிடமும் கண்ட தம்பியும் தங்கையும் ‘நிலையான வேலை’ என்னும் ஒரே சொல்லின் பின்னால் ஓடுகின்றனர் என்பதே பொருத்தமான விளக்கம்.

தேடுவோரின் பதற்றமே சிலருக்குத் தொழிலாகிறது. வேலை வாங்கித் தருவதாகக் கூறிப் பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் எனப் பணம் கேட்போர் இருக்கின்றனர். ஆள் தேவைப்படும் நிறுவனம், வேலைக்கு வருபவரிடம் பணம் கேட்பதற்குக் காரணமே இல்லை. பணம் கேட்கும் இடத்தில் வேலை இராது என்பதைப் பணத்தை இழந்த பின்பே பலர் அறிகின்றனர். ஊருக்குச் சொல்ல நாணி, ‘வேலையில் சேர்ந்துவிட்டேன்’ என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, உணவகத்தில் தட்டுக் கழுவியவர்களும் உண்டு.

படித்த படிப்புக்கும் கிடைத்த வேலைக்கும் உள்ள தொலைவு மற்றொரு மனக்குறை. வேளச்சேரியிலும் துரைப்பாக்கத்திலும் சோழிங்கநல்லூரிலும் இரவு பத்து மணிக்கு உணவுப் பொட்டலத்தோடு இருசக்கர வாகனத்தில் செல்லும் இளைஞர்களுள் பட்டதாரிகளும் உளர். அவர்களை அமர்த்தியது ஒரு செயலி. அவர்கள் ‘கூட்டாளிகள்’ என்று அழைக்கப்படுகின்றனர். தொழிலாளர்கள் அல்லர் என்பதால் 480 நாள் கணக்கே அவர்களுக்கு இல்லை. ஒரு நாள் காலையில் செயலி திறக்கவில்லை என்றால் வேலை போயிற்று என்று பொருள். ஏன் என்று கேட்க எதிரில் முகம் இல்லை.

புறநானூற்றுப் புலவர் பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார். அவன் அவரை நேரில் காணாமலே பரிசிலை அனுப்பிவைத்தான். வறுமை வாட்டிய நிலையிலும், தம்மைக் காணாமல் தந்த பொருளை ஏற்க அவர் மறுத்துவிட்டார். பொருளைவிடத் தம் தகுதி அறியப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்று உணவு கொண்டு செல்பவருக்கு மறுக்கும் வசதி இல்லை. வீட்டு வாடகை இருக்கிறது. செயலி வழி உழைப்போருக்கென 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தனி நலவாரியம் அமைத்தது. காணாத முதலாளியின் கீழ் உழைப்பவர்களை அரசு முதன்முதலாகக் கண்டுகொண்ட நிகழ்வாக அதனைக் கருதலாம்.

நிரந்தரமும் நிலையாத இடம்

480 நாள்களைக் கடந்து நிரந்தரம் ஆனவர்கள் கவலையற்றவர்களா? பெருங்களத்தூரைக் கடந்து செல்லும் முதியவர்கள் அங்கு ஒருகாலத்தில் ஸ்டாண்டர்டு கார்கள் உருவானதை நினைவுகூர்வர். 1980களின் இறுதியில் அத்தொழிற்சாலை நின்றது. மறைமலைநகரில் இயங்கிய ஃபோர்டு நிறுவனம், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பர் 9-இல் அறிவித்தது. 2022 ஜூலையில் அங்குக் கடைசிக் கார் வெளிவந்தது. இருபதாண்டுக்கு மேல் அங்கு உழைத்தவர்களுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பிள்ளைகள் கல்லூரியிலும், வீட்டுக்கடன் வங்கியிலும் இருந்தன. ஈட்டுத்தொகை கேட்டு அவர்கள் வாரக்கணக்கில் போராடியபோது, அப்பேச்சை நடத்த அவர்களிடம் ஒரு சங்கம் இருந்தது. ஒப்பந்தத்தில் இருந்தவரிடம் அதுவும் இல்லை. 2024 செப்டம்பரில் அந்நிறுவனம் ஏற்றுமதிக்காக அத்தொழிற்சாலையை மீண்டும் பயன்படுத்த விருப்பம் தெரிவித்துள்ளது. கதவு மறுபடி திறக்கும்போது பழைய கைகளுக்கு அங்கு இடம் இருக்குமா என்பதை வயது முடிவு செய்யும்.

சங்கம் வைத்துக்கொள்வதும் எளிதன்று. தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியே மேற்கே சென்றால் ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்பகுதிகள் வரும். தென்புறநகரில் குடியிருப்போர் பலர் அங்கு வேலைக்குச் செல்கின்றனர். 2024 செப்டம்பர் 9 முதல் அங்குள்ள சாம்சங் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. ஆனால் தங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அவற்றுள் தலையாயது. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அச்சங்கம் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. பெரம்பூர்த் தொழிலாளர்கள் கேட்டுப் பெற்ற உரிமையை அவர்களின் கொள்ளுப் பேரர் வயதினர் மறுபடியும் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

கணினிமுன் அமர்ந்திருப்போர் தம்மைத் தொழிலாளர் என்று எண்ணுவதில்லை. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் மென்பொருள் துறையில் ஆள்குறைப்பு நடந்தபோதுதான், தாங்களும் ஒரே நாளில் வெளியே அனுப்பப்படக்கூடியவர்கள் என்பதைச் சென்னை இளைஞர்கள் உணர்ந்தனர். அத்துறையினரும் சங்கம் அமைக்கலாம் என்று 2016-இல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. ஆயினும் இரவுப்பணி முடிந்து பழைய மாமல்லபுரம் சாலையில் வாகனத்துக்காகக் காத்திருப்போரிடம் கேட்டால், சங்கம் என்ற சொல்லைத் தணிந்த குரலிலேயே சொல்வர்.

எண்ணப்பட்ட நாள்கள்

நிரந்தரம் கோரி ஒரு தொழிலாளி முறையிடும்போது, அவர் எத்தனை நாள் உழைத்தார் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலில் அவரையே சேர்கிறது. ‘உழைத்தேன்’ என்று உறுதிகூறுவது மட்டும் போதாது. சான்று வேண்டும் என்று நீதிமன்றங்கள் கேட்கின்றன. வருகைப் பதிவேடு நிறுவனத்தின் கையில் இருக்கும். தொழிலாளியின் கையில் இருப்பவை பணியமர்த்தல் கடிதம், ஊதியச் சீட்டு, வங்கிக் கணக்கின் பதிவு, வைப்பு நிதி எண், இ.எஸ்.ஐ. அட்டை, வாயிலில் காட்டிய அடையாள அட்டை ஆகியவையே. வேலை விட்டதும் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வர். கொடுப்பதற்கு முன் அதனைப் படியெடுத்து வைத்துக்கொள்ளும் முன்னெச்சரிக்கை எல்லோருக்கும் தோன்றுவதில்லை. ஊதியச் சீட்டைக் கேட்டு வாங்குவதற்கே தயங்குவோர் பலர். கேட்டால் வேலை போய்விடுமோ என்னும் அச்சம் அவர்களைத் தடுக்கிறது.

அதனால் சிலர் தாமே எழுதி வைத்துக்கொள்கின்றனர். மளிகைக் கடையில் வாங்கிய சிறிய குறிப்பேட்டில் நாள், பணிநேரம், கூடுதல் நேரம், மேற்பார்வையாளர் பெயர் என நான்கு கட்டங்கள். விடுப்பு எடுத்த நாளில் ஒரு சுழி. மாத முடிவில் ஒரு கூட்டல். அறையில் உடன் தங்கியிருப்போர் முதலில் கேலி செய்வர். பின்பு அவர்களுள் ஒருவரும் ஒரு குறிப்பேடு வாங்கி வருவார்.

இரவுப்பணி முடித்து வந்தவர் விளக்கை அணைக்கும் முன் அன்றைய வரியை எழுதுகிறார். பக்கத்தின் ஓரத்தில் 311 என்னும் எண். வாயிலில் புதிய ஒப்பந்ததாரரின் பெயர்ப்பலகை நாளை மாட்டப்படும் என்று பேச்சு. புதிய அட்டை தருவார்களாம். அவர் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தின் தலைப்பில் 1 என்று எழுதாமல் 312 என்றே எழுதி வைக்கிறார்.

கற்பவை கற்றபின்…

உங்கள் குடும்பத்தில் ஊதியம் பெறுபவர் ஒருவரின் ஊதியச் சீட்டைப் பெற்று, அதிலுள்ள ஒவ்வொரு பிடித்தமும் எதற்காகச் செய்யப்படுகிறது என்பதைக் கேட்டு எழுதுக.

உங்கள் ஊரில் மூடப்பட்ட ஆலை அல்லது தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய முதியவரைச் சந்தித்து, அங்கு அவர் கழித்த முதல் நாளையும் கடைசி நாளையும் பற்றிக் கேட்டு வகுப்பறையில் பகிர்க.